பாலம் தெரியாத கருவி

கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீட்டர். 2009 அக்டோபரில் அது திறக்கப்படும்வரை, திருகோணமலைப் பட்டினத்திலிருந்து கிண்ணியாவுக்குப் போக வாகனத்தை இழுவைப் பாதையில் ஏற்றித்தான் கடக்க வேண்டியிருந்தது. மட்டக்களப்பு நோக்கிப் போகும் ஏ15 வீதியில் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று இன்னும் சில துறைகள் இருந்தன. அங்கும் அடுத்த சில ஆண்டுகளில் பாலங்கள் வந்துவிட்டன. 2009க்கு முன் தயாரான வரைபடத்தைக் கொண்ட கையடக்க ஜிபிஎஸ் கருவியோடு இன்று அந்தப் பாலத்தின் நடுவில் நிற்பவருக்கு, கருவி அவருடைய இடத்தை நாலைந்து மீட்டருக்குள் சரியாகச் சொல்லும். திரையிலோ அவர் தண்ணீரில் நிற்பார். கிண்ணியாவுக்கு அப்பால் உள்ள மூதூருக்கு வழி கேட்டால் இல்லாத துறைக்குப் போகச் சொல்லும், அல்லது கந்தளாய்ப் பக்கமாக ஒரு நீண்ட சுற்றைக் காட்டும். ஒரே பெட்டிக்குள் இரண்டு அறிவுகள் இருக்கின்றன. இடத்தைச் சொல்வது வானத்திலிருந்து வருகிறது, நாளும் பொழுதும் தானே புதுப்பித்துக்கொள்கிறது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பது ஒரு கோப்பிலிருந்து வருகிறது. யாராவது மாற்றினால்தான் மாறும். அந்த யாராவது உள்ளூரில் இருக்க வேண்டும், கோப்பைத் திறக்கவும் திருத்தவும் திரும்ப ஏற்றவும் அவருக்குக் கருவிகள் கிடைக்க வேண்டும் என்பதே இங்கே நான் வாதிக்க வருவது. அதற்கு ஒரு வழியான, லினக்ஸில் மூன்றாம் தரப்பு வரைபடம் ஏற்றுவது, கணினிப் பிரியர்களின் பொழுதுபோக்கு போலத் தெரியலாம். திருகோணமலையை வைத்துப் பார்த்தால் அதன் கனம் வேறு.

ஜிபிஎஸ் செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நேரம் என்ன, தாம் எங்கே இருக்கிறோம் என்ற இரண்டைத்தான் அவை முக்கியமாக அறிவிக்கின்றன. நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்துவிட்டால், அவை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். வீதி, ஆறு, கோயில், பள்ளிவாசல் எதுவும் அந்தச் சமிக்ஞையில் இல்லை. 2000 மே 2 வரை பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது; கருவி 100 மீட்டர் வரை பிசகும். அந்தக் கலப்பு நின்றதும், திறந்த வானத்தின் கீழ் பிழை சில மீட்டருக்குச் சுருங்கியது. இதில் பலர் கவனிக்காத ஒரு விளைவு உண்டு. கருவி 100 மீட்டர் பிசகிய காலத்தில் வரைபடத்தின் 100 மீட்டர்ப் பிழை அதற்குள் ஒளிந்துகொண்டது. கருவி திருந்திய பிறகு பிழையெல்லாம் வரைபடத்தின் கணக்கில் விழுகிறது.

இலங்கையில் அந்தக் கணக்கு பழையது. நில அளவைத் திணைக்களம் 1800 ஆகஸ்ட் 2 அன்று தொடங்கப்பட்டது. நாட்டின் மிகப் பழைய திணைக்களங்களில் ஒன்று. அதன் வரைபடங்கள் நீண்ட காலமாக நின்ற அடித்தளம், நீர்கொழும்புக்கு அருகே உள்ள கண்டவலவைத் தொடக்கமாகக் கொண்ட ஆயத்தொகுதி. பூமியின் வடிவத்துக்கு அது எடுத்துக்கொண்டது அளவையாளர் எவரெஸ்டின் 1830ஆம் ஆண்டு நீள்கோளம். 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் பிள்ளை அது. இந்தியத் துணைக்கண்டத்துக்கு நன்றாகப் பொருந்தும்படி செதுக்கிய வடிவம். ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 முழுப் பூமிக்கும் பொருந்தும்படி அமைந்தது. ஆகவே ஒரே இடத்துக்கு இரண்டிலும் வெவ்வேறு எண்கள் வரும். இரண்டுக்கும் இடையே வழக்கமாகக் கையாளப்படும் மாற்றளவுகளைத் திருகோணமலைக்குப் பொருத்திக் கணக்குப் போட்டால், வேறுபாடு பெரும்பாலும் கிழக்கு மேற்காகச் சுமார் 200 மீட்டர் வருகிறது. நிலாவெளிக்கு ஒரு கிலோமீட்டர் அப்பால் உள்ள புறாத்தீவை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள தீவுகளில் பெரியது 200 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் கொண்டது. 2003இல் தேசியப் பூங்காவானது. பழைய தாளிலிருந்து படித்த எண்களை எதையும் மாற்றாமல் கருவியில் இட்டால், தீவு தன் முழு நீளத்துக்குக் கரையை நோக்கி நகர்ந்து நிற்கும். உண்மையான தீவும் அதைச் சுற்றிய பவளப்பாறையும் திரையில் வெறும் கடல். கார்மின் நிறுவனத்தின் கையடக்க ஜிபிஎஸ் கருவிகளில், அமைப்புப் பட்டியலில் கண்டவல என்ற பெயரே இருக்கிறது. அதைத் தேர்ந்தால் இந்தப் பிழை பெரும்பாலும் தீரும். ஆனால் அதைத் தேர வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய வரைபடத்தை வருடிக் கருவிக்குள் ஏற்ற ஆசைப்படுவோர் முதலில் இடறுவது இங்கேதான்.

இனி கோப்புக்கு வருவோம். கார்மின் நிறுவனம் தன் வரைபடங்களுக்கு ஐஎம்ஜி என்ற வடிவத்தை வைத்திருக்கிறது. அதன் விவரத்தை அது வெளியிட்டதில்லை. அதைக் கையாளும் நிறுவன மென்பொருள்கள் விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். லினக்ஸுக்கு எதுவும் வரவில்லை. ஆர்வலர்கள் கோப்பைப் பைட் பைட்டாகப் பிரித்துப் படித்து அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். அஞ்சறைப்பெட்டி போன்ற அமைப்பு: கோடுகளும் பரப்புகளும் ஒரு அறையில், அவை எந்தத் தூரத்தில் தெரிய வேண்டும் என்ற அட்டவணை ஒன்றில், பெயர்கள் ஒன்றில், வீதிகள் ஒன்றில், சந்திகள் எப்படி இணைகின்றன என்பது இன்னொன்றில். இந்தக் கண்டுபிடிப்பின் மேல் எழுந்ததுதான் ஸ்டீவ் ராட்கிளிஃப் தொடங்கிய எம்கேஜிமேப் என்ற கட்டற்ற மென்பொருள். எவரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவைக் கொடுத்தால் கார்மின் கருவி படிக்கும் கோப்பாக அது மாற்றித் தரும். ஜாவாவில் எழுதப்பட்டதால் விண்டோஸிலும் ஓடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்கு லினக்ஸ் கட்டாயம் அல்ல. ஆனால் நிறுவனம் தந்த பொத்தான் தன்னிடம் இல்லாதவருக்குத்தான் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் தேவை முதலில் வந்தது. அவருக்காகத் திறந்த வழியில் இப்போது எல்லோரும் போகிறார்கள்.

பெட்டிக்குள் பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்டால், புறாத்தீவே மறுபடி விடை சொல்லும். இந்தக் கோப்பில் ஒவ்வொரு புள்ளியும் முழு வட்டத்தை 2இன் 24ஆம் அடுக்காகப் பகுத்த கட்டங்களில் ஒன்றில் உட்காரும். நிலநடுக்கோட்டருகே ஒரு கட்டம் ஏறத்தாழ 2.4 மீட்டர். நடந்து போகிறவருக்கு இது தாராளம். திரையை விரித்துப் பெரிய பரப்பைப் பார்க்கும்போது கருவி கரடுமுரடான மட்டங்களுக்கு இறங்குகிறது: 22 பிட்டில் கட்டம் சுமார் 10 மீட்டர், 18 பிட்டில் 150 மீட்டருக்குச் சற்று மேல், 16 பிட்டில் 600 மீட்டரையும் தாண்டும். 150 மீட்டர்க் கட்டத்தில் 200க்கு 100 மீட்டர் தீவு வடிவம் இழந்து ஒடுங்கிவிடும். 600 மீட்டர்க் கட்டத்தில் அதற்கு இடமே இல்லை. சிறிய பரப்புகளை இந்த மட்டங்களில் விட்டுவிடுவதும் வழக்கம். நிலாவெளியிலிருந்து கொட்டியாரக்குடா வரை திரைக்குள் வரும்படி பார்க்கிறவர் கண்ணில் படாமல் தீவு மறைவது இதனால்தான். பிழை என்று இதைச் சொல்ல முடியாது. எதைக் காட்டுவது எதை விடுவது என்று யாரோ எடுத்த முடிவு. நிறுவனத்தின் கோப்பில் அந்த முடிவு பூட்டிக் கிடக்கிறது. எம்கேஜிமேப்பில் அது ஓர் எழுத்துக் கோப்பில் உள்ள ஒரு வரி. சிறு தீவுகளைக் கரடுமுரடான மட்டத்திலும் ஒரு புள்ளியாகவாவது வை என்று அங்கே எழுதிவிடலாம். பாறையும் தீவும் நிறைந்த வடகிழக்குக் கரைக்கு எது தேவை என்பது கான்சஸில் இருக்கும் கார்மின் அலுவலகத்துக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

செய்முறை கடினமில்லை. ஜெர்மனியின் ஜியோஃபாப்ரிக் நிறுவனம் இலங்கைக்கான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை நாள்தோறும் பிரித்து வெளியிடுகிறது; ஒரு பழைய மடிக்கணினியே கையாளும் அளவுதான். முதலில் அதை ஸ்பிளிட்டர் என்ற துணைக்கருவி துண்டுகளாக வெட்டும். இயல்பு நிலையில் ஒரு துண்டுக்கு 16 லட்சம் புள்ளிகள் எல்லை. பிறகு எம்கேஜிமேப் துண்டுகளை மாற்றி ஒன்றாகக் கட்டி, ஜிமேப்சப் என்ற பெயரில் ஒரு ஐஎம்ஜி கோப்பைத் தரும். இ-ட்ரெக்ஸ் 20, 30, 22எக்ஸ் போன்ற கருவிகளை யூஎஸ்பி வடத்தில் செருகினால் லினக்ஸ் அவற்றை ஒரு பென் டிரைவாகவே பார்க்கும். அதில் கார்மின் என்ற கோப்புறைக்குள், அல்லது நினைவக அட்டையில் அதே பெயரில் உருவாக்கிய கோப்புறைக்குள், கோப்பை வைத்தால் வேலை முடிந்தது. பழைய மாதிரிகள் இப்படி எளிதாக நடந்துகொள்ளா. அவை நிறுவனத்தின் சொந்த மொழியில் பேசும், அவற்றோடு பேச வரும் ஜிபிஎஸ்பேபல் போன்ற மென்பொருளுக்கு வழிவிடாமல் லினக்ஸ் கருவின் (கெர்னல்) ஒரு கூறே குறுக்கே நிற்கும். அதை முடக்கிவிட்டுத்தான் தொடர வேண்டும். புதிய கருவிகளில் பலர் சிக்குவது வேறிடத்தில். பிரதி எடுத்து முடிந்ததாகத் திரை சொல்லும்போது கோப்பின் ஒரு பகுதி இன்னும் கணினியின் நினைவகத்திலேயே இருக்கலாம். லினக்ஸ் எழுதுவதைச் சேர்த்து வைத்துத்தான் எழுதும். முறையாக விடுவிக்காமல் வடத்தைப் பிடுங்கினால் அரைகுறைக் கோப்பு உள்ளே போய், கருவி தொடங்கும்போதே திணறும். கருவியோடு வந்த மூலக் கோப்புகளுக்கு முதலில் ஒரு பிரதி எடுத்து வைப்பதும் அதே அளவு அவசியம்.

கடற்கரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கடல் என்று ஒரு பரப்பு வரையப்படுவதில்லை. கரைக்கோடு மட்டுமே உண்டு, அதற்கும் திசை உண்டு: கோடு போகும் வழியில் இடப்பக்கம் நிலம், வலப்பக்கம் நீர். அந்தக் கோட்டிலிருந்து கடலை எம்கேஜிமேப்தான் உண்டாக்குகிறது. கரை நேராக ஓடும் ஊரில் இதில் சிக்கல் குறைவு. திருகோணமலையிலோ கரை கொட்டியாரக்குடாவாக உள்வாங்கி, உட்துறைமுகத்தில் நுழைந்து சீனக்குடாவைச் சுற்றி, தம்பலகாமம் குடாவரை போய், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையில் திரும்பவும் வெளிக்கடலைத் தொடுகிறது. இத்தனை வளைவில் எங்காவது ஒரு புள்ளி விட்டுப்போனால், ஒரு துண்டில் திசை தலைகீழானால், கடல் பட்டினத்துக்குள் புகுந்துவிடும். திரையில் வீதிகள் நீல நிறத்தின் மேல் ஓடும். இதைக் கண்டு சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு இது இந்த முறையின் நேர்மையாகப் படுகிறது: பிழை மறைவதில்லை, பார்த்த எவரும் மூலத்துக்குப் போய்க் கோட்டைச் சேர்த்துவிடலாம், மறுநாள் தரவில் அது வந்துவிடும்.

இங்கே முதல் மறுப்பு எழும். எவரும் திருத்தலாம் என்றால் எவரும் கெடுக்கலாமே, அரசின் வரைபடம்தானே நம்பகமானது? நில அளவைத் திணைக்களத்தின் அளவு நுட்பத்தோடு ஆர்வலர்கள் போட்டியிட முடியாது. காணி எல்லைக்கும் வழக்குக்கும் அதுவே ஆதாரம். ஆனால் நுட்பம் வேறு, காலத்தோடு நடப்பது வேறு. 2021 நவம்பரில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டுமானம் நடந்துகொண்டிருந்த வேளை, மாற்றாக ஓடிய படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்பட உயிர்கள் பறிபோயின. விபத்துக்கு வரைபடம் காரணமில்லை. ஆனால் ஒரு கடவை இன்றைக்குப் பாலமா, படகா, அடைப்பா என்பது மாதத்துக்கு மாதம் மாறக்கூடியது என்பதை அது காட்டுகிறது. இப்படி மாறுவதைப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை அச்சாகும் தாள் சொல்லாது. தரத்துக்கும் முன்னுதாரணம் அருகிலேயே இருக்கிறது. 2012, 2013 காலத்தில் உலக வங்கியின் ஆதரவோடும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் பங்களிப்போடும் மட்டக்களப்பு மண்முனை வடக்கில் ஏறத்தாழ 30,000 கட்டடங்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதியப்பட்டன. அதற்கும் முன்பே, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை அடுத்து, இலங்கைத் தன்னார்வலர்கள் சகனா என்ற கட்டற்ற மென்பொருளை எழுதி நிவாரணப் பணிக்குக் கொடுத்தார்கள். பின்னர் அது வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. மூலநிரலைத் திறந்து வேலை செய்வது இந்த நாட்டுக்குப் புதிது அல்ல. இன்னொன்றும் உண்டு: கார்மின் இப்போது தன் கருவிகளோடு தரும் டோபோஆக்டிவ் வரைபடங்களே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் செய்யப்பட்டவை. நம்ப முடியாத தரவு என்றால் நிறுவனம் அதை விற்பனைப் பெட்டியில் வைக்காது.

இரண்டாவது மறுப்பு கடலிலிருந்து வருகிறது, இது வலுவானது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு ஆழம் தெரியாது. திருகோணமலைக்கு நேர் வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று செங்குத்தாக இறங்குகிறது. பெரிய கப்பல்கள் கரைக்கு இத்தனை அருகே வர முடிவதற்கு அந்த ஆழம் ஒரு காரணம். ஆனால் அதே குடாவில் மகாவலி மணலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. மூதூர்ப் பக்கத்து மணற்திட்டுகள் மழைக்கு மழை மாறும். இவற்றுக்கு நீரியல் அளவைத் தரவு வேண்டும். எம்கேஜிமேப் எத்தனை நேர்த்தியாக ஓடினாலும் இல்லாத ஆழத்தை உண்டாக்காது. படகோட்டிக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: இந்த வரைபடத்தைக் கரைக்கோட்டுக்கும் இறங்குதுறைக்கும் வையுங்கள், ஆழத்துக்குக் கடல் வரைபடத்தையும் அந்தக் கடலில் நாளும் போகிறவரையும் கேளுங்கள். கூடவே, கடற்றொழிலாளர் தம் கருவியில் குறித்து வைத்திருக்கும் கடலடிப் பார்களும் மூழ்கிய கப்பல் இடங்களும் அவர்களின் பிழைப்பு. அவற்றைப் பொது வரைபடத்தில் போட்டுவிட வேண்டும் என்று திறந்த தரவின் பேரில் யாரும் வற்புறுத்தக் கூடாது. கடற்படைத் தளத்துக்கும் இதே விதி: பொது வீதி எங்கே முடிகிறதோ அங்கே பதிவும் முடியட்டும். திருகோணமலை கடற்படையின் கிழக்குப் பிராந்தியத் தலைமையிடம். அதன் வேலிக்குள் என்ன இருக்கிறது என்பது மூதூர் போகிறவருக்குத் தேவையுமில்லை.

கைத்தொலைபேசி இருக்க இதெல்லாம் எதற்கு என்பது மூன்றாவது கேள்வி. பாதிக்கு மேல் நியாயமானதுதான். ஓஎஸ்எம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் அதே தரவை இணையமின்றிக் காட்டும், புதுப்பிக்கவும் சுலபம். பட்டினத்துக்குள் நடமாடுபவர் வேறு கருவி வாங்க வேண்டியதில்லை. நிலாவெளிக் கடலின் நண்பகல் வெயிலில், உப்புத் தண்ணீர் தெறிக்கும் வள்ளத்தில் நிலைமை மாறும். இ-ட்ரெக்ஸ் 22எக்ஸ் இரண்டு ஏஏ பற்றரியில் 25 மணிநேரம்வரை ஓடும் என்கிறது நிறுவனம். அந்தப் பற்றரி புல்மோட்டைப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணிநேரம் தாங்கும் தரம் அதற்கு உண்டு, வெயில் கூடக்கூடத் திரை நன்றாகத் தெரியும். காட்டு அலுவலர், அனர்த்தப் பணியாளர், கடற்றொழிலாளர் ஆகியோர் கையில் இப்படிப்பட்ட கருவிகள் இன்னும் இருப்பது பழக்கத்தால் மட்டும் அல்ல. அந்தக் கருவிகள் பல ஆண்டு உழைக்கும். பெட்டி பத்தாண்டு உழைக்கும்போது உள்ளிருக்கும் வரைபடம் வாங்கிய நாளிலேயே உறைந்து நிற்பதுதான் வீண்.

தொலைபேசி தெளிவாக வெல்லும் ஓர் இடம் பெயர்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இலங்கையின் ஓர் ஊருக்குத் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பெயர்களைத் தனித்தனியே இடலாம். செயலி தமிழில் கேட்டவருக்குத் தமிழிலேயே மூதூர் என்று காட்டும். கார்மின் கோப்பின் பழைய பெயர் முறையோ ஒரு எழுத்துக்கு ஆறு பிட் மட்டுமே ஒதுக்கியது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், சில குறிகள் ஆகியவற்றுக்கே அதில் இடம். யுனிகோட் முறையும் வடிவத்தில் பின்னர் வந்தது. ஆனால் நிறுவனம் ஒப்பமிடாத யுனிகோட் வரைபடங்களைப் புதிய கருவிகள் பல ஏற்க மறுக்கின்றன. ஆகவே இப்போதைக்கு ரோமன் எழுத்துதான். அதிலும் எந்த எழுத்துக்கூட்டல் என்ற சிக்கல் உண்டு: மூதூரை ஒற்றைத் தகரத்தோடு எழுதுபவரும் உண்டு, இரட்டித்தும் எச் எழுத்தைச் சேர்த்தும் எழுதுபவரும் உண்டு. கருவியின் தேடலோ எழுத்துக்கு எழுத்து பார்ப்பது. வேறு கூட்டலில் தட்டினால் ஊர் இல்லை என்று சொல்லிவிடும். எம்கேஜிமேப்பில் எந்த மொழிப் பெயருக்கு முதலிடம் என்று வரிசை கொடுக்க ஒரு தெரிவு உண்டு. தமிழை முதலில் வைத்தால் மென்பொருள் தானே ஒலிபெயர்த்துக்கொள்ளும், அதன் கூட்டல் ஊரார் எழுதும் கூட்டலாக இருக்காது. ஆங்கிலப் பெயரை முதலில் வைத்தால், வீதிப் பலகையில் எழுதியபடியே கருவியிலும் வரும். தேடுவதற்கு இப்போது அதுவே உதவும். தமிழ்ப் பெயர் தரவில் அப்படியே இருக்கும். ஒப்பமில்லாத யுனிகோட் வரைபடங்களைக் கருவி ஏற்கத் தொடங்கினால், தமிழ் எழுத்துருவும் அதில் இருந்தால், மாற்ற வேண்டியது அந்த வரிசை மட்டும்தான்.